குப்பியில் அடைத்த இடியைக் குறித்து ஓங்கல்வேளுக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக. மலைமேல் மழையும், மண்மேல் விளைவும், கடல்மேல் காற்றும் தத்தம் முறை தவறாதிருக்க.

வேங்கைமலை நாடாள்பவரும், வான்தொடு சிகரங்களுக்கும் வற்றாச் சுனைகளுக்கும் உரியவரும், கலைமான் கொடி உயர்த்தியவரும், பகைவர்க்குப் பாறையும் விருந்தினர்க்குத் தேனடையும் ஆனவருமாகிய மாமன்னர் ஓங்கல்வேள் அவர்களின் திருமுன்பு, பெருங்கழி நாட்டு அரசர் திரைச்சேந்தனாரின் ஆணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் சாத்தங்கண்டன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் குடிகள் நலமா, தினைப்புனங்கள் நலமா, பட்டத்து யானையின் கால்வலி தீர்ந்ததா என்று எங்கள் அரசர் முதற்கண் வினவுகிறார். எங்கள் நாட்டில் யாவரும் நலம். சிலருக்கு விக்கல் மட்டும் இன்னும் நிற்கவில்லை. அதன் காரணம் இவ்வோலையிலேயே விளங்கும்.

எழுதும் செய்தி யாதெனில்: கணவாய்க் கோட்டையாகிய கற்கதவத்தில் தங்கள் போர்முரசு முழங்கியதையும், புகைக்குறி குன்றுக்குக் குன்று தாவித் தங்கள் அரண்மனையை எட்டியதையும், அதுகண்டு தங்கள் படை கணவாயின் மேல்வாயில் வந்து பாசறை இறங்கியதையும் நாங்கள் அறிவோம். கடலோரத்தார் இடியைக் குப்பியில் அடைத்து வண்டியேற்றி அனுப்பினர் என்று அப்பாசறையில் பேச்சு நடப்பதையும் அறிவோம். முழங்கியது மெய், புகைந்தது மெய், குப்பிகள் வெடித்ததும் மெய். ஆயின் முரசை அறைந்தது மனிதர் கை அன்று. தங்கள் கோட்டைத் தலைவர் விடங்கர் இவற்றையெல்லாம் விளக்கித் தாமே ஓர் ஓலை விடுத்தார் என்றும், அவ்வோலையில் நறவின் மது மணம் வீசியதால் தங்கள் தானைத்தலைவர்கள் அதனைப் பிரிக்காமலே திருப்பிவிட்டனர் என்றும் கேள்வியுற்றோம். அவர்கள்மேல் குற்றமில்லை. மணக்கும் ஓலையை யார்தான் நம்புவர்? ஆகவேதான் பிறந்தது முதல் மோருக்கு மிஞ்சிய எதனையும் அருந்தாத என்னை எழுதும்படி அரசர் பணித்தார். ஐயமிருப்பின் இவ்வோலையை முகர்ந்து பார்த்தருள்க.

இனி நடந்தது.

எங்கள் நாட்டு மதுக்கோட்டத்தின் தலைவி தாழைநங்கையார். அரசரின் செவிலித்தாய் பெற்ற மகள். அரசருக்கு அக்கா முறை. அரசவையில் அரசரைத் தம்பி என்று அழைக்கும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு; மதுக்கோட்டத்திலிருந்து சிரித்தால் துறைமுகத்தில் கேட்கும் தொண்டையும் அவர் ஒருவருக்கே உண்டு. முளைகட்டிய வாற்கோதுமையை வறுத்து இடித்து, வெந்நீரில் ஊறவைத்து வடித்து, சாலில் விட்டுப் புளிக்கவைத்து நறவாக்குவதில் தமக்கு நிகரில்லை என்பது அவர் எண்ணம். அதை மறுத்தவர் அதுவரை எவருமில்லை.

நம் இரு நாட்டுத் தந்தையரும் ஓர் ஆநிரையைக் குறித்துப் பிணங்கிக் கணவாயை அடைத்த நாள்தொட்டு, தங்கள் மலையின் வாற்கோதுமை எங்கள் கரைக்கு இறங்கவில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற பருவத்தில் தாங்கள் பெருந்தன்மையோடு சமாதானம் பேசத் தூதரை அனுப்பியபோது, அவர் காணிக்கையாகக் கொணர்ந்தது வாற்கோதுமை மூட்டைகளே. அவற்றை இறக்கியபோது தாழைநங்கையார் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்கலங்கினார் என்பதை நானே கண்டேன். தூதர் திரும்பும் முன்னர் அதிலொரு பங்கை நறவாக்கி, பொற்கிண்ணத்தில் ஊற்றி, அவைநடுவே அவருக்குத் தம் கையாலேயே அளித்தார்.

தங்கள் தூதர் பண்பாளர். ஒரு மிடறு பருகினார். கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, பெருங்கழி நாட்டில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று கூறினார்.

அவர் இகழ்ந்து சொல்லவில்லை என்பதை நாங்கள் அறிவோம், உள்ளதைத்தான் சொன்னார். நறவின் நிறமும் மணமும் குறைவற்றிருந்தன. ஆயின் சாலில் பொங்கிய உயிர் கிண்ணத்துக்கு வருமுன் போய்விட்டிருந்தது. நாக்கில் பட்டதும் சப்பென்று கிடந்தது. தாழைநங்கையார் அன்று மாலை உண்ணவில்லை. மறுநாளும் சிரிக்கவில்லை. துறைமுகத்து மீகாமர்கள் ஆளனுப்பி, மதுக்கோட்டத்தில் யாரேனும் இறந்தனரா என்று விசாரித்தனர்.

இந்நிலையில் ஒருநாள், தொண்டைகட்டிய தம் நாத்தனாருக்காக நறவில் கற்கண்டு இட்டு வாயடைத்து வைத்து மறந்துபோன ஒரு குப்பி, பண்டசாலை மூலையில் அவர் கண்ணில் பட்டது. வீணாகியிருக்கும், கொட்டிவிடலாம் என்று தக்கையைத் திருகினார். குப்பி சீறியது. வெண்ணுரை குப்பியின் கழுத்தைத் தாண்டி எழுந்து, அவர் முழங்கை வழியே ஓடித் தரையில் பரவியது. கையை நக்கிப் பார்த்தார். நாக்கில் ஆயிரம் எறும்புகள் கூத்தாடின, மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் வந்தது. பருகப் பருக, அடியிலிருந்து குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி வந்துகொண்டே இருந்தன.

குப்பியைத் தூக்கிக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்ததும் அறியாமல், அவர் நேரே அரசவைக்குள் ஓடிவந்தார். அப்போது நாங்கள் உப்பளக் கரை உடைப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தோம். அரசர் ஒரு வாய் பருகினார். அடுத்து அவர் சொன்ன சொல்லை மாற்றினால் சுவை கெடும் ஆதலால் அவர் வாய்மொழியாகவே எழுதுகிறேன்.

"அக்கா, இது சிரிக்குது."

உப்பளக் கரை அன்று ஆராயப்படவில்லை.

அதன் காரணத்தைத் தாழைநங்கையார் பின்னர் எனக்கு விளக்கினார். நறவு புளித்து அடங்கிய பிறகும், அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுரைமண்டி உயிரோடு கிடக்கிறது. உண்ண ஏதுமின்றி உறங்குகிறது. அடைக்கும் வேளையில் சிறிது இனிப்பு இட்டால், அது விழித்தெழுந்து உண்டு மூச்சு விடுகிறது. வாய் திறந்த சாலில் அம்மூச்சு காற்றோடு கலந்துபோகும். வாயடைத்த குப்பியிலோ போக வழியின்றி நறவுக்குள்ளேயே ஒடுங்கிக் காத்திருக்கும். திறந்தவுடன் துள்ளிக்கொண்டு வெளியே வரும். இனிப்பு முழுவதும் உண்ணப்பட்டுவிடுவதால் நறவு தித்திப்பதும் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் என் எழுதுகோலைப் பிடுங்கி மேசையில் தாளம் போட்டார்.

கற்கதவத்தில் நம் இரு வேந்தரும் சந்தித்து, ஒரே கலத்தில் பருகி, கணவாயைத் திறப்பதென்று நாள் குறித்தாயிற்று. அந்நாளுக்கென, தங்கள் வாற்கோதுமையில் எஞ்சியதனைத்தையும் நறவாக்கித் தங்கள் தூதரின் கிண்ணத்தில் மீண்டும் ஊற்றுவதென்று தாழைநங்கையார் உறுதிபூண்டார். சுட்ட மண் குப்பிகளைக் குயவர் சேரியிலிருந்து வண்டிவண்டியாக வரவழைத்தார். குப்பிகளை நிரப்பிய நாளில் மதுக்கோட்டம் திருமண வீடுபோல் இருந்தது. குப்பிக்கு ஒரு கட்டி கற்கண்டு, பிறகு நறவு, பிறகு தக்கை, தக்கையின்மேல் கயிற்றுக்கட்டு, கட்டின்மேல் அரக்கு என்று முறை வகுத்திருந்தார். பெண்கள் பாடிக்கொண்டே கட்டிகளைப் போட்டனர். ஒரு கட்டி பட்டாணியளவு. ஒரு கட்டி கொட்டைப்பாக்களவு. எதையும் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மகிழ்ச்சி மிகுந்த இடத்தில் அளவுக்கு இடம் ஏது?

அவ்வேளையில் எங்கள் அரசர் வந்தார். முடியைக் கழற்றி ஒரு சாலின்மேல் வைத்துவிட்டு, பாயின் மேற்குக் கோடியில் சம்மணமிட்டு அமர்ந்து, தாமும் குப்பிகளில் கற்கண்டு இட்டுக் கயிறும் கட்டலானார். ஒன்று இட்டார், இரண்டு இட்டார், பிறகு கையை நிறுத்தி யோசித்தார். அங்கு நிகழ்ந்த உரையாடல் இதுவே. எழுத என் கை கூசினும் எழுதுகிறேன்.

"ஒண்ணு போட்டா சிரிக்குது. மூணு போட்டா, அக்கா?"

தடுக்க வேண்டியவர் தாழைநங்கையார். தடுக்கவேண்டும் என்று ஒரு நொடி தோன்றியதாம். ஆயின் தங்கள் தூதரின் முகம் நுரையில் மூழ்கும் காட்சி அவர் மனக்கண்ணில் எழுந்துவிட்டது.

"போட்டுத்தான் பாரேன், தம்பி."

குப்பிகள் பண்டசாலையின் இளஞ்சூட்டில் உரிய காலம் கிடந்தன. பிறகு வைக்கோல் பரப்பி வண்டிகளில் ஏற்றி, வேந்தர் வருமுன்னர் கோட்டையில் இறக்கி வைக்கத் தாழைநங்கையாரே முன்வண்டியில் அமர்ந்து புறப்பட்டார். குப்பிகளில் அடைத்தது போக எஞ்சிய நறவை ஒரு பெருஞ்சாலில் இனிப்பிடாமல் மூடி, வண்டிக்காரர்களின் வழித்தாகத்துக்கென்று கடைசி வண்டியில் ஏற்றியிருந்தார்.

மலையடிவாரத்தில் முதல் ஓசை கேட்டது. அச்சாணி முறிந்தது என்றார் தாழைநங்கையார். அச்சாணி முறியவில்லை. சிறிது தொலைவில் இரண்டாம் ஓசை கேட்டது. மாடுகள் காதை நிமிர்த்தின. வண்டியின் அடியிலிருந்து ஏதோ சொட்டியது. வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, அவர் இறங்கி அந்தச் சொட்டை உள்ளங்கையில் ஏந்திச் சுவைத்தார். தம் வாழ்நாளில் அவர் சமைத்தவற்றுள் அதுவே சிறந்ததாக இருந்தது. அஞ்ச வேண்டிய இடத்தில் அவர் மகிழ்ந்தார். வண்டிகள் மேலேறின.

தங்கள் கோட்டைத் தலைவர் விடங்கர் கதவைத் தாழிட்ட பின்னும் மூன்றடி சென்று திரும்பிவந்து தள்ளிப் பார்ப்பவர் என்று கேள்வி. அத்தகையவரைக் காவலுக்கு வைத்தது தங்கள் நுண்ணறிவு. அவர் விருந்தினரை முறைப்படி வரவேற்று, சந்தனம் கொடுத்து, வண்டிகளைச் சோதிக்கும்வரை யாவரும் காணும்படி முற்றத்து நடுவில் நிறுத்துமாறு பணித்தார். முற்றம் கருங்கல் பாவியது. வேளை உச்சிவேளை. அவர் காவல்முறைப்படி செய்தது முற்றிலும் சரி. அந்தக் கல்லின்மேல் அப்போது அப்பம் சுடலாம் என்பது மட்டுமே குறை.

விடங்கர் முதல் வண்டியின் வைக்கோலை விலக்கக் கைநீட்டினார். குப்பி வெடித்தது. அதன் அருகிலிருந்தது வெடித்தது. அடுத்த வண்டி அதற்கு மறுமொழி சொன்னது. தக்கைகள் கவண்கல்லைப்போல் பறந்தன. ஒன்று விடங்கரின் தலைப்பாகையைக் கொண்டுசென்றது. ஒன்று கொடிமரத்துப் புறாக்களைக் கிளப்பியது. மற்றொன்று, வாயிலின் உள்மேடையில் தோலிறுக்கி வைத்திருந்த தங்கள் போர்முரசின் நட்டநடுவில் போய் அறைந்தது; முரசு முழங்கித் தோல் கிழிந்தது.

முரசு முழங்கினால் யாரையும் கேளாது புகைமூட்ட வேண்டும் என்பது அக்கோட்டையின் சட்டம். மதில்மேல் நின்ற வீரர்கள் சட்டம் தவறாதவர்கள். தங்கள் போர்முரசை அறைந்தது எது என்பது இப்போது விளங்கியிருக்கும்.

தாழைநங்கையாரைச் சூழ்ந்து வேல்கள் நின்றன. அவர் வேல்களைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். மதில்மேலிருந்து கரும்புகை நேர்கோடாக எழுந்தது. சற்றைக்கெல்லாம் எதிர்க்குன்றிலிருந்து ஒரு புகை எழுந்தது. அதற்கப்பால் நீலமாகத் தெரிந்த குன்றிலிருந்து இன்னொன்று. அது எங்கே போய் முடியும் என்பதை அறியாத கடலோரத்தார் எவருமில்லை. ஒரு சொல்லின் கறையைக் கழுவ வந்த தாம், இரு நாட்டின் தலையிலும் ஒரு போரைக் கொட்டிவிட்டதை அவர் அக்கணம் உணர்ந்தார். சுடும் கல்லிலேயே அமர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் குப்பிகள் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் தங்கள் வீரர் பெருந்தூண்களின் பின்னே குனிந்து எழுந்தனர்.

விடங்கர் வெறுந்தலையோடு அவர் எதிரே வந்து நின்றார்.

"அம்மணி, இதுக்குள்ள என்னத்த அடைச்சிருக்கீங்க?"

"மூச்சுங்க ஐயா."

"யார் மூச்சு?"

"நறவோட மூச்சு."

விடங்கர் இதை நெடுநேரம் ஆராய்ந்தார். ஆராய்ந்து, அது எதுவாயினும் எஞ்சிய குப்பிகளின் மூச்சை வெளியேற்றாமல் கோட்டையைக் காக்க இயலாது என்று முடிவு செய்தார். தாமே தனியே திறப்பதாகத் தாழைநங்கையார் கூறினார். தம் தவறுக்குப் பிறர் விரல் போகவேண்டாம் என்றும் கூறினார். விருந்தினரைத் தனியே இடரில் விட வேங்கைமலை வழக்கம் இடம் தராது என்று விடங்கர் மறுமொழி சொல்லி, ஒரு யானைத்தோல் கேடயத்தை எடுத்துவந்து அவர் பக்கத்தில் மண்டியிட்டார். குப்பிகளின்மேல் ஈரச்சாக்குகளைப் போர்த்தி, கேடயத்தின் ஓரமாகக் கைவிட்டு, அரக்கைச் சுரண்டிக் கயிற்றை அறுத்து, தக்கையை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினர்.

முதல் குப்பியில் ஒன்றுமே நிகழவில்லை. தாழைநங்கையார் சுவைத்தார், தூதர் சொன்ன அதே தண்ணீர். இரண்டாம் குப்பி கேடயத்தையும் விடங்கரையும் சேர்த்துப் பின்னே தள்ளி, நுரையைக் கூரை இறவாரம்வரை எறிந்தது. மூன்றாம் குப்பி, சூடான கல்லில் நீர்த்துளி விழுந்தாற்போல் மெல்லச் சீறி அமைதியுற்றது. அதன் வாயில் விரற்கடை நுரை எழுந்து, வழியாமல், அழகாக நின்றது.

அவர் அதைக் கொட்டாங்கச்சியில் ஊற்றி விடங்கரிடம் நீட்டினார். விடங்கர் முகர்ந்தார், ஒளியில் தூக்கிப் பார்த்தார், தாழைநங்கையார் சுவைத்த பின்னரே தாம் சுவைத்தார். பிறகு கொட்டாங்கச்சியை ஒரே மூச்சில் காலிசெய்தார். இது போரன்று, விருந்து என்பது அவருக்குத் தெளிந்தது. புகையை அணைக்க ஆணையிடவேண்டி மதிற்படியில் விரைந்தேறினார்.

இங்குதான், மன்னர் பெருமானே, விக்கல் வருகிறது.

வெயிலில் கொதித்த நறவை ஒரே மூச்சில் பருகியவர் வேறென்ன செய்வார்? மதில்மேல் நின்று வாயைத் திறந்தார்; ஆணை வரவில்லை, விக்கல் வந்தது. மீண்டும் திறந்தார், மீண்டும் அதுவே. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர்வழிய, கையை அசைத்துப் புகையைக் காட்டினார். வீரர்கள் இன்னும் கொஞ்சம் விறகு போட்டனர். தலைவருக்கு நஞ்சு கொடுத்துவிட்டாள் என்று எவனோ கூவ, வேல்கள் அனைத்தும் முற்றத்தை நோக்கித் திரும்பின.

தாழைநங்கையார் ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. மூன்றாம் குப்பியில் எஞ்சியிருந்ததை யாவரும் காணத் தூக்கிக் கடைசித் துளிவரை பருகி, குப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். முற்றம் முழுதும் அவரையே பார்த்திருந்தது. அவர் வேல்முனைகளின் நடுவே நிமிர்ந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கும் விக்கல் வந்தது.

மதில்மேலிருந்து ஒரு விக்கல். முற்றத்திலிருந்து ஒரு விக்கல். மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. முன்வரிசையில் வேல்பிடித்து நின்றவனின் தோள் குலுங்கியது. அவன் பக்கத்தில் நின்றவன் உதட்டைக் கடித்தான். அப்போது விடங்கர் இரு விக்கலுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் தம் முழுக்குரலையும் திரட்டிக் கூறினார்.

"நஞ்சில்லடா. நல்லாருக்கு."

கோட்டை சிரித்தது. வேலூன்றிச் சிரித்தவர்களும், தூணைப் பிடித்துச் சிரித்தவர்களும், ஏன் சிரிக்கிறோம் என்று அறியாமலே சிரித்த சமையற்காரர்களும் அதில் உண்டு. எங்கள் வண்டிக்காரர்கள் வண்டியடியிலிருந்து வெளியே வந்து சேர்ந்துகொண்டனர். புகையை அணைத்தனர், ஆயின் அது அதற்குள் தங்கள் அரண்மனையை அடைந்துவிட்டிருந்தது.

வெயில் சாய்ந்தபின் தாழைநங்கையார், திறந்த குப்பிகளையும் வெடித்தவற்றின் கழுத்துகளையும் மதிலோரம் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஒரே சால், ஒரே வாற்கோதுமை, ஒரே பண்டசாலை. சில சப்பென்றும், சில இடியாகவும், சில தேவாமிழ்தாகவும் ஆனது எங்ஙனம் என்று விடங்கர் கேட்டார். தாழைநங்கையார் குப்பிக் கழுத்துகளில் எஞ்சிய கயிற்றைக் கவனித்தார். பெரிதாய் வெடித்தவை அனைத்திலும் முடிச்சு இரட்டையாய், கோணலாய், ஒரு பக்கம் தொங்கியவாறு கிடந்தது. எங்கள் அரசருக்கு எல்லாம் வரும். முடிச்சுப் போட மட்டும் வராது.

ஆயின் பழியைத் தம்பிமேல் போட்டு அவர் நின்றுவிடவில்லை. அரசர் தொடாத குப்பிகளிலும் ஒன்று தண்ணீர், ஒன்று சீற்றம் என்று மாறியிருந்ததே. கட்டி பெரிதானால் மூச்சு பெரிது. கட்டி சிறிதானால் மூச்சு சிறிது. குப்பிதோறும் கையால் இட்டதே பிழை. கஞ்சிப்பானையில் உப்பைக் கரைப்பாரே அன்றிப் பருக்கை பருக்கையாக வைப்பார் உண்டோ என்று அவர் தம் தலையில் தாமே குட்டிக்கொண்டார். பிறகு, போர் வந்துகொண்டிருக்கிறது என்பதை யாவரும் அறிந்திருந்த அந்தப் பொழுதில், எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். கடைசி வண்டியின் பெருஞ்சால் அப்படியே இருந்தது.

கற்கண்டை இடித்துத் தூளாக்கி, இச்சாலுக்கு இவ்வளவே என்று அளந்து, சிறிது நீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, ஆறவைத்தார். விடங்கர் அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். அவர் குணம் அன்று முதன்முறையாக ஒருவருக்கு உகந்ததாயிற்று. அப்பாகைச் சாலில் விட்டு, நுரை எழாதபடி, உறங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல் மெல்லக் கலக்கினார். கழுவிய குப்பிகளில் தங்கள் வீரர் ஊற்ற, எங்கள் வண்டிக்காரர்கள் தக்கையிட்டுக் கட்டினர். இனிக் குப்பிக்குக் குப்பி வேற்றுமை இராது.

பின்பு அவர் குதிரையேறிக் கீழே வந்து, புழுதியோடு என் எதிரே நின்று, இவையனைத்தையும் சிரிப்பும் அழுகையுமாக உரைத்தார். ஓலையில் அரசரின் பெயரை எழுதவேண்டா, யாரோ ஒருவரின் கைப்பிழை என்று எழுதினால் போதும் என நான் யோசனை கூறினேன். எங்கள் அரசர் அதை ஏற்கவில்லை.

"மூணு போட்டது நான்தான்னு எழுதுங்க. அவரும் அரசர், புரிஞ்சுக்குவார்."

அவ்வாறே எழுதினேன். கிழிந்த முரசுக்குப் புதுத்தோலும், விடங்கருக்குப் புதுத் தலைப்பாகையும் எங்கள் அரசர் அனுப்புகிறார். விடங்கர்மேல் சினம் கொள்ளாதிருக்க வேண்டுகிறார். பாசறையிலிருந்து ஒரு கணை கீழிறங்கினும் எங்கள் வில்லில் நாணேறாது என்று வாக்களிக்கிறார். இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் திருமுன் நிற்பவர் தாழைநங்கையாரே. படையின் நடுவே காவலின்றி வர அவரே விழைந்தார். ஐயமிருப்பின் அவரை வினவியருள்க. விக்கல் குறுக்கிட்டால் பொறுத்தருள்க.

புதுக்குப்பிகள் கற்கதவத்தின் நிலவறையில் முதிர்ந்துகொண்டிருக்கின்றன. கணியர் குறித்த நாள் கடந்துவிட்டது. ஆகவே குப்பிகள் முதிரும் நாளே நம் சந்திப்பு நாளாகட்டும் என்று எங்கள் அரசர் வேண்டுகிறார். அந்நிலவறையின் வாயிலில் இப்போது காவல் நிற்போர் இருவர்: தங்கள் வேல்வீரன் ஒருவன், எங்கள் வண்டிக்காரன் ஒருவன். மற்றவன் முந்திக்கொண்டு திறந்துவிடுவானோ என்ற ஐயத்தால் ஒருவரையொருவர் விட்டுப் பிரிவதில்லை. ஒரே கலத்தில் உண்கின்றனர். ஒரே பாயில் இளைப்பாறுகின்றனர். நம் தந்தையர் காலந்தொட்டு இரு நாட்டாரும் சேர்ந்து ஒரு கதவைக் காப்பது இதுவே முதன்முறை.

இவ்வோலைக்குச் சங்கு முத்திரை இட்டது அரசர் திரைச்சேந்தனாரின் கை. இதன்வழி இரு நாட்டுக்கும் பொதுவாக அவர் விடுக்கும் ஆணையாவது: வேந்தர் இருவரும் வந்து அமரும்வரை அக்குப்பிகளை எவரும் திறவாதிருக்கக் கடவர். திறந்தவர், வீரராயினும் அமைச்சராயினும் அரசரே ஆயினும், ஏழு பிறப்பும் சப்பென்ற நறவையே பருகித் திரியக் கடவர். காத்தவர் கிண்ணத்தில் நுரை குறையாதிருக்கக் கடவது.